காளவாய்க்குப் போகாத கல்

என் வயதுக்காரர்கள் பழங்கதை எழுத உட்கார்ந்தால் மூன்றாவது வரியிலேயே, "அந்தக் காலத்து நெய் எப்படி மணக்கும் தெரியுமா" என்று ஆரம்பித்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் நெய் கிடையாது. எங்கள் வீட்டில் மணந்தது சுண்ணாம்பு. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டதும் ஒரு வாடை கிளம்பும், மூக்கின் உள்பக்கத்தைச் சுரண்டுகிற வாடை. இப்போதும் எந்த வீட்டிலாவது வெள்ளையடித்தால் நான் அந்தத் தெருப்பக்கம் போவதில்லை. முட்டி வலியோடு ஊரைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். கேட்பவர்களுக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இத்தனை நாள் சொன்ன பொய் போதும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன். ஒரே ஒரு கோடைக்காலத்துச் சமாச்சாரம்தான்.

நாங்கள் மணமேல்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள். அப்பாவுக்குக் கிளிஞ்சல் சுடுகிற வேலை. கரையில் ஒதுங்கும் கிளிஞ்சலை அள்ளி வந்து, கழுவி, காளவாயில் ஒரு அடுக்குக் கரி, ஒரு அடுக்குக் கிளிஞ்சல் என்று போட்டு, அடியில் துருத்தி வைத்து ஊதிச் சுடுவார். காலையில் பற்றவைத்தால் சாயங்காலம் வெந்துவிடும். மறுநாள் அதைத் தரையில் பரப்பித் தண்ணீர் தெளிப்பார்கள். தண்ணீர் பட்டதும் கிளிஞ்சல் சடசடவென்று வெடித்து உதிர்ந்து வெள்ளை மாவாகப் பூத்துவிடும். சற்று நேரத்தில் ஆறியும்விடும். அதைச் சலித்தால் சுண்ணாம்பு தயார். துருத்தி அப்பாவுடையது, தண்ணீர்க்குடம் ஆத்தாவுடையது, சல்லடை அக்காவுடையது. ஆத்தா என்றுதான் நாங்கள் அம்மாவைக் கூப்பிடுவோம். எனக்கு இருந்த ஒரே வேலை எல்லார் காலிலும் இடறுவது.

அக்காவுக்கு அப்போது பதினேழு வயது, எனக்குப் பத்து. அக்கா மாமன் மகனுக்கு என்று தொட்டிலில் கிடக்கும்போதே பேசி வைத்தாயிற்று. அவரிடம் ஒரு சைக்கிள் இருந்தது. எங்கள் வீட்டைத் தாண்டும்போது மணியை இரண்டு தரம் அடிப்பார். அக்கா தலை நிமிர மாட்டாள். ஆனால் சல்லடை நின்றுவிடும்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் கலைந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். திருமயத்துக்குப் பக்கத்து ஊரில் ஒரு வியாபாரக் குடும்பம் தங்கள் வீட்டுக்குப் புதிதாக ஒரு கூடம் எழுப்பியது. சுவர்ப்பூச்சுக்கு அப்பாவின் சுண்ணாம்புதான் வேண்டும் என்று அந்த வீட்டு ஆச்சி சொல்லி அனுப்பினார். அப்பாவின் பக்குவம் அப்படி. அவர் சுட்ட சுண்ணாம்பில் பூசிய சுவரைப் பார்த்துத் தலை வாரலாம் என்று கொத்தனார்கள் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேர்தான் எங்களுக்குச் சோறு போட்டது. ஊருக்கு வெளியே ஊருணிக்கு மேற்கே ஒரு பொட்டலில் காளவாய் கட்டி, கீற்றுக் கொட்டகை போட்டுக் குடியேறினோம். கிளிஞ்சல் கடற்கரையிலிருந்து வண்டியில் வந்தது.

சித்திரைக் கடைசியில் வண்டி வருவது நின்றுபோனது. கரையில் கிளிஞ்சல் ஒதுங்கவில்லையாம். கொத்தனார்களை மேய்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி கைகளைப் பிசைந்துகொண்டு திரிந்தார். பிறகு எங்கோ சொல்லிக் கொள்ளிடத்துக்கு வடக்கே, அரியலூர்ப் பக்கத்திலிருந்து, ஒரு வேகன் சுண்ணாம்புக்கல்லை வரவழைத்துவிட்டார். திருமயம் ஸ்டேஷனில் இறக்கி, மாட்டுவண்டிகளில் எங்கள் பொட்டலுக்குக் கொண்டுவந்து கொட்டினார்கள்.

அப்பா கல்லைச் சுட்டவர் இல்லை. கல்லா, எனக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் எழுந்து போனார். போனவர் குவியலுக்குப் பக்கத்தில் அப்படியே குந்திவிட்டார். மங்கிய மஞ்சள் நிறக் கல். அதன் உடம்பெல்லாம் கிளிஞ்சல். வரி ஓடிய கிளிஞ்சல், வளைந்து தடித்த சிப்பி, விரல்நுனி அளவுச் சங்கு, எல்லாம் கல்லோடு கல்லாகப் புதைந்து கிடந்தன. அப்பா ஒரு துண்டை எடுத்து நாக்கால் நக்கினார்.

"உப்புக் கரிக்குது" என்றார்.

"வேர்வை கரிக்கும்ப்பா" என்று அக்கா சிரித்தாள்.

அப்பா காதில் வாங்காமல் மேஸ்திரியிடம் திரும்பினார். "இது கல்லு இல்லங்க. கிளிஞ்சல்தான். எப்பயோ அங்கிட்டுக் கடல் இருந்திருக்கு. கெடந்து கெடந்து இறுகிப் போச்சு. எங்க சொத்துங்க இது."

"அப்ப சுட்டுரலாம்ல?" என்றார் மேஸ்திரி.

"கடல்ல பொறந்தவன்கிட்டக் கிளிஞ்சலைச் சுட வருமான்னு கேக்குறீங்களே."

இதில் அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பல கோடி வருஷத்துக்கு முன்னால் அங்கே கடல்தான் இருந்தது என்று பின்னாளில் நானே என் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போடுகிற மனிதர், யாரும் சொல்லாமல், ஒரு துண்டுக் கல்லைப் பார்த்து அதைச் சொன்னார். கடலைப் பற்றி அவர் சொன்னது முழுக்கச் சரி.

அப்பா சம்மட்டியால் பெரிய கற்களை உடைக்க ஆரம்பித்தார். மூன்றாவது நாள் ஒரு கல் இரண்டாகப் பிளந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். உள்ளே ஒன்று சுருண்டு உட்கார்ந்திருந்தது. என் உள்ளங்கையைவிடப் பெரியது. வெளிவட்டத்திலிருந்து உள்வட்டத்துக்குச் சுற்றிச் சுற்றிப் போய் நடுவில் ஒரு புள்ளியாக முடிந்தது. உடம்பு முழுக்க விலா எலும்பு போல வரிகள். தொட்டேன். அந்த வெயிலிலும் சில்லென்று இருந்தது.

"அப்பா, இது எனக்கு."

"வச்சுக்க" என்றார் அப்பா. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். முதலில் அது எனக்குத்தான் கொடுக்கப்பட்டது.

அன்று பொழுது சாய்கிற நேரத்தில் ஆச்சி குடை பிடித்துக்கொண்டு வேலை பார்க்க வந்தார். நல்ல மனுஷி. எங்கள் கொட்டகைக்குள் குனிந்து வந்து ஆத்தாவிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்பார். என் கையில் இருந்ததைப் பார்த்தவர் குடையை மடக்கிவிட்டார், செருப்பையும் கழற்றிவிட்டார்.

"நாகம்ல இது. சுருண்டு உக்காந்திருக்கே. இதையா கையில வச்சு விளையாடுறே? கீழ வைங்க. காலையில குளிச்சு முழுகி, தட்டெடுத்து வாரேன். சாமி வீட்டுல வைக்கணும். அது வரைக்கும் பத்திரமா வச்சிருங்க. தெரியாமக்கூடக் காளவாயில போட்டுறாதீக."

அப்பா அதை என் கையிலிருந்து வாங்கி அக்காவிடம் கொடுத்தார். அக்கா பழந்துணியில் சுற்றி அரிசிப்பானைக்குப் பின்னால் வைத்தாள்.

நான் போட்டிருந்த பாவாடை அக்காவுடையது. எழுதிய பலகை அக்காவுடையது. என் தலையில் இருந்த சீப்புக்கூட ஐந்து பல் போன அவள் சீப்பு. எனக்கென்று கிடைத்தது அந்த ஒன்றுதான். விளக்கேற்றுவதற்கு முன்னால் அதை எடுத்து என் துணிமூட்டைக்குள் வைத்துக்கொண்டேன். ஒரே ஒரு நாள் வைத்திருந்துவிட்டுக் காலையில் பழைய இடத்திலேயே வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன்.

காலையில் துருத்திச் சத்தத்தில்தான் கண் விழித்தேன். காளவாய் எரிந்துகொண்டிருந்தது. விடியும் முன்னே அக்காவும் அப்பாவும் கல்லை எல்லாம் அடுக்கி முடித்திருந்தார்கள். வெளியே வந்தால் ஆச்சி ஈரத்தலையோடு வெள்ளித்தட்டு ஏந்தி நின்றார். தட்டில் செவ்வரளியும் சந்தனமும் இருந்தன.

அக்கா அரிசிப்பானையை நகர்த்திப் பார்த்தாள். பாயை உதறினாள். "இங்கதான் வச்சேன், இங்கதான் வச்சேன்" என்றாள். ஆத்தா கொட்டகையையே கவிழ்த்தாள். என் மூட்டையை யாரும் தொடவில்லை. அதில் என்ன இருக்கும், இரண்டு கிழிசலைத் தவிர?

"கல்லோட கல்லா அள்ளிப் போட்டுட்டியா?" என்றார் அப்பா.

"போடலப்பா."

"இருட்டுல அடுக்குன. நல்லா நெனச்சுப் பாரு."

அக்கா யோசித்தாள். அவளுக்குப் பொய் வராது. தன் நினைவையே நம்பாமல், "தெரியலையே" என்றாள்.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. ஆச்சி காளவாயையே பார்த்துக்கொண்டு நின்றார். "உள்ள வெந்துகிட்டுல இருக்கு" என்று மெல்லச் சொன்னார். யாரையும் திட்டவில்லை. தட்டில் இருந்த பூவைக் காளவாயின் காலடியில் கொட்டிவிட்டுத் திரும்பிப் பாராமல் போனார். அனலில் அந்த அரளி சுருங்கிக் கறுத்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்திருந்தால் முதுகில் இரண்டு அடி விழுந்திருக்கும். அந்த இரண்டு அடிக்குப் பயந்துகொண்டு நின்றவள்தான், பிற்காலத்தில் முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லிக்கொடுத்தவள்.

மறுநாள் காளவாயைப் பிரித்தார்கள். அப்பா எப்போதும் செய்கிற சோதனையைச் செய்தார். ஒரு கிளிஞ்சலை இடுக்கியால் எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார். அது உடனே பூத்தால் எல்லாம் வெந்தது என்று கணக்கு. கல்லிலிருந்து பெயர்ந்து விழுந்த ஒரு சிப்பிச் சில்லை எடுத்துப் போட்டார். பொரிந்து பூத்தது. "பாத்தீங்களா" என்று மேஸ்திரியிடம் சிரித்தார். சில்லு பூத்தால் கல்லும் பூத்ததாகுமா? கல்லின் உள்ளே தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும், நன்றாக ஊறவிட்டு அது பூத்து ஆறும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஆனால் கிளிஞ்சலுக்கு எதற்குப் பொறுக்க வேண்டும்? காலையில் தண்ணீர் தெளித்தார்கள். மேலாக மாவு பூத்தது. கொத்தனார்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மேஸ்திரி இரண்டு தரம் ஆள் அனுப்பினார். மத்தியானத்துக்கெல்லாம் அக்கா சலிக்க உட்கார்ந்துவிட்டாள்.

நான் அங்கே இல்லை. தூரத்தில் ஒரு உடைமரத்தடியில் உட்கார்ந்து, மடியில் இருந்த என் நாகத்தின் வரிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஐம்பதைத் தாண்டியதும் கணக்கு விட்டுப்போகும். மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன். அப்போது பட்டென்று ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. அதற்குப் பின்னால் அக்கா போட்ட கூச்சலை எழுத என்னிடம் எழுத்து இல்லை.

ஓடி வந்தேன். அக்கா நேராக நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியிருந்தாள், முகத்தைத் தொடாமல். முகம் முழுக்க வெள்ளை. கண் இருக்கிற இடமும் வெள்ளை. சல்லடைக்குப் பக்கத்தில் ஒரு கட்டி இரண்டாகப் பிளந்து புகைந்துகொண்டிருந்தது. ஆத்தா ஊருணியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். இடுப்பில் இருந்த குடத்தைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு அக்காவின் மேல் ஊற்ற ஓடினாள்.

"ஊத்தாதே!" என்று அப்பா கத்தினார். "தண்ணி பட்டா வெந்துரும்! ஊத்தாதே!"

ஆத்தா நின்றுவிட்டாள்.

சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டில் தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். தினமும் கண்ணால் பார்க்கிறோமே, கொதிக்கும், வெடிக்கும். வேறு எந்த வீடாக இருந்தாலும் கேள்வி கேட்காமல் குடத்தைக் கவிழ்த்திருப்பார்கள். எங்களுக்குத் தொழில் தெரியும், அதனால் ஊற்றவில்லை. விளக்கெண்ணெயைத் துணியில் தொட்டுத் தொட்டுத் துடைத்தார்கள். பிறகு வண்டி பூட்டினார்கள். ஆத்தா தூக்கிய குடத்தை இறக்காமல் அப்படியே நின்றதும், அதன் விளிம்பில் தண்ணீர் தளும்பித் தளும்பி அவள் தோளில் வழிந்ததும் எனக்கு நேற்று மாதிரி இருக்கிறது. பின்னாளில் டீச்சர் ட்ரெய்னிங்கில் முதலுதவிப் பாடம் நடத்தினார்கள். கண்ணில் சுண்ணாம்பு பட்டால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். நான் எழுந்து வெளியே போய் வாந்தி எடுத்தேன்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் அப்பாவை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். டாக்டர் என்ன சொன்னார் என்று ஆத்தா கேட்க, திரும்பி வந்த அப்பா அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய்க் குந்திவிட்டார். இருபது நாளுக்கு மேல் கட்டுப் போட்டுக் கிடந்தாள் அக்கா. கட்டைப் பிரித்தபோது ஒரு கண்ணில் ஒன்றுமே இல்லை. இன்னொரு கண்ணுக்கு வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் தெரிந்தது.

நாங்கள் பொட்டலுக்குத் திரும்பியபோது ஊர் தீர்ப்பெழுதி முடித்திருந்தது. நாகத்தை எரித்தாள், நாகம் கண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டது. எங்கள் கொட்டகையைத் தாண்டிப் போகிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். ஆச்சி பால் கொடுத்து அனுப்பினார், ஆனால் உள்ளே வரவில்லை.

நாகம் எரியவில்லை என்று அந்த ஊரிலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். என் மூட்டைக்குள் சுருண்டு கிடந்தது. அப்படியானால் அக்காவின் கண்ணை எடுத்தது யார்? பத்து வயதுப் புத்திக்கு ஒரே பதில்தான் கிடைத்தது. திருடியவளைத் தண்டிக்க வந்த நாகம் ஆளை மாற்றிவிட்டது. சாமியை மூட்டை கட்டி வைத்தவள் நான், கண் போனது அவளுக்கு. உலை கொதிக்கிற சத்தம் கேட்டாலும் அது மூட்டைக்குள் நகர்கிற சத்தமோ என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, இரண்டும் ஒரே கொட்டகைக்குள் படுத்திருந்தன. சாப்பிடும்போது அக்கா கையால் தடவித் தட்டைத் தேடுவாள். நான் அதை அவள் கைப்பக்கம் நகர்த்தி வைப்பேன்.

ஆடி பிறக்கும் முன்னே மாமனும் அத்தையும் வந்தார்கள். மாமன் மகனும் வந்தார். அவர் உள்ளே வராமல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார்.

மாமன் நல்லவர். "கண்ணு போனா என்ன? என் தங்கச்சி மக. எங்க வீட்டுக்குத்தான் வாரா" என்றார்.

"கண்ணு போனதுக்கு நானும் ஒண்ணும் சொல்லல" என்றாள் அத்தை. "கைத்தாங்கலா வச்சுச் சோறு போட எனக்குத் தெம்பு இருக்கு. ஆனா நாகத்தை எரிச்ச கை. அந்த வயித்துல புள்ள தங்குமா? எனக்கு இருக்குறது ஒத்தைப் பய. கண்ணு இல்லாதவளைக் கூட்டிட்டுப் போவேன், சாபத்தைக் கூட்டிட்டுப் போக மாட்டேன்."

மாமன் அப்பாவைப் பார்த்தார். அப்பா எதையாவது சொல்வார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்லைக் கொண்டுவந்து நடுவில் வைத்தால் போதும். எரியவில்லை என்று கண்ணால் பார்த்துவிட்டால் சாபம் ஏது? கல்யாணம் நின்றுபோகாது. எனக்கு அடி விழட்டும், அந்த நாகம் என் கண்ணையும் எடுத்துக்கொள்ளட்டும். மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். அக்கா அங்கே கீற்றுத் தட்டியை ஒட்டி உட்கார்ந்து உள்ளே பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கல்லை அவள் மடியில் வைத்தேன்.

விரலால் தடவினாள். வெளிவட்டத்தில் தொடங்கி ஒவ்வொரு வரியாகத் தடவி நடுப்புள்ளிக்கு வந்தாள். அங்கேயே விரல் நின்றது.

"எங்க இருந்துச்சு?"

"என் மூட்டையில. நான்தாங்க்கா எடுத்தேன். உள்ள கொண்டு போய்க் காட்டப் போறேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் கல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "காட்டாதே" என்றாள்.

"காட்டுனாத்தான் கல்யாணம் நடக்கும்!"

"காட்டுனா, நாகம் எடுக்கலைன்னா கண்ணு எப்புடிப் போச்சுன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"அப்பாவைக் கேப்பாங்கடி. இத்தனை வருசம் பக்குவம் பக்குவம்னு பேர் வாங்குன மனுசன். பெத்த புள்ள கண்ணை அவிச்சவன் சுட்ட சுண்ணாம்பு வேணும்னு எவன் கூப்புடுவான்? நீ என்னத்தைத் திம்ப? அப்பா தாங்க மாட்டாரு. செத்துப் போவாரு. அவருக்கு இது நாகமாவே இருந்துட்டுப் போகட்டும்."

"ஒனக்கு?"

அவள் கல்லைத் தடவி என் கையில் கொடுத்து, "ஊருணியில ஆழமான எடத்துல போட்டுட்டு வா. யாருட்டயும் வாயைத் திறக்கக் கூடாது. என் மேல சத்தியம்" என்றாள்.

உச்சி வெயிலில் படித்துறையில் யாரும் இல்லை. என் பலம் முழுவதையும் கூட்டி வீசினேன். விழுந்த இடத்திலிருந்து வட்டம் வட்டமாகக் கிளம்பிய அலை என் கால்வரைக்கும் வந்தது. திரும்பி வரும்போது மாமன் குடும்பம் புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தது. பொட்டலைத் தாண்டும்போது சைக்கிள் மணி ஒரே ஒரு தரம் அடித்தது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவருக்கு அடுத்த தையில் வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. நாங்கள் கடற்கரைக்கே திரும்பினோம். அப்பா அதன் பிறகு கல்லைத் தொடவில்லை, கிளிஞ்சல் மட்டும்தான். வெள்ளிக்கிழமை தோறும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பனங்காட்டுக்குள் இருந்த புற்றுக்குப் போய்ப் பால் ஊற்றுவார். மழையானாலும் காய்ச்சலானாலும் ஒரு வெள்ளி தவறியதில்லை. மகளின் தோஷம் கழிய இந்த மனிதன் படும் பாட்டைப் பார் என்று ஊரே உருகியது. ஆத்தா அதிக நாள் இருக்கவில்லை. நான் படித்தேன், வாத்தியாரம்மா ஆனேன், அன்னவாசலில் வேலை கிடைத்தது. கல்யாணம் ஆனபோது அக்காவும் அப்பாவும் என்னோடுதான் இருப்பார்கள் என்று சொல்லித்தான் கழுத்தை நீட்டினேன்.

ஒருமுறை பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் புதுக்கோட்டை மியூசியத்துக்கு அழைத்துப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அதே மாதிரி ஒன்று சுருண்டு கிடந்தது. கிரெட்டேஷியஸ் காலத்துக் கடல்பிராணி, அம்மோனைட் என்று சீட்டு எழுதி ஒட்டியிருந்தார்கள். பாம்பு இல்லை, சாமியும் இல்லை. கடலில் மிதந்து திரிந்து, செத்து, சேற்றில் புதைந்து கல்லாகிப் போன ஒரு பாவப்பட்ட உயிர். பிள்ளைகள் முன்னால் எனக்கு அழுகை வந்துவிட்டது. டீச்சருக்குத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு பெண் மற்றவர்களுக்கு விளக்கம் சொன்னாள்.

அப்பா படுக்கையில் விழுந்த வருஷம் ஒரு மத்தியானம். அக்கா கொல்லையில் புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அன்னைக்குச் சலிக்கிறப்ப, 'அப்பா, கட்டி இன்னும் சுடுது'ன்னா. வெயில் சூடுதான், சலின்னேன் நான்" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "வீட்டுல தண்ணி இல்லையான்னு கேட்டாரு டாக்டரு. ஒரு கொடம் தண்ணியில கண்ணு பொழச்சிருக்கும்னாரு. நாகமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான்" என்றார்.

"அப்ப மாமன் வந்தப்ப ஏன்ப்பா சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அக்காவுக்குக் கல்யாணம் ஆகியிருக்குமே!"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். நாகம்னு அவங்களே சொல்லிட்டாங்க. அப்படியே ஒதுங்கிக்கிட்டேன். அவகிட்டச் சொல்லிராத தாயி."

நான் சொல்லவில்லை. அவரை மன்னிக்கவும் இல்லை. அப்பாவைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அக்கா ஒரு வாழ்க்கையையே ஊருணியில் போட்டாள். காப்பாற்றப்பட்டவரோ எல்லாம் தெரிந்து அந்தச் சாபத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தார். இதை அவளிடம் எந்த வாயால் சொல்வது? அப்பா போன பிறகும் நான் அதை வைத்துக்கொண்டேன். இந்த மூட்டை அந்த மூட்டையைவிடக் கனமாக இருந்தது.

நான் எதை எழுதினாலும் அக்காவுக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம். எண்பதை நெருங்குகிறாள், காது மட்டும் கத்தி. இதையும் நேற்று மத்தியானம் வாசித்தேன். அப்பா கடைசியில் சொன்ன பகுதியை மட்டும் குரல் மாறாமல் தாண்டிப் போனேன். அக்கா கடைசி வரை கேட்டாள். அழவில்லை. மடியில் இருந்த கீரையை ஆய்வதையும் நிறுத்தவில்லை.

"நல்லாத்தான் எழுதியிருக்க. அப்பாவுக்குத் தெரியும்கிறதை ஏன் எழுதல?" என்றாள்.

தாளைக் கீழே வைத்தேன். "ஒனக்கு எப்புடித் தெரியும்? எப்பத் தெரியும்?"

"மொத வெள்ளிக்கிழமையே தெரியும். பால் ஊத்துவாருல்ல, பால் விழுற சத்தம் ஒரே சீரா விழும். செம்பு பிடிச்ச கை ஆடலைன்னு அர்த்தம். என்னைப் பிடிச்சிருக்குற கைதான் வெடவெடன்னு நடுங்கும். நாகத்துக்குப் பயந்தவருக்குச் செம்பு பிடிச்ச கையில்ல நடுங்கியிருக்கணும்?"

"தெரிஞ்சுமா அத்தனை வருசம் வாயை மூடிக்கிட்டு அவரு பின்னாடி போனே?"

அக்கா கீரைத்தண்டை ஒடித்துப் போட்டாள்.

"அந்தக் கையை விட்டா, அப்ப நான் எங்கிட்டுடி போறது?"